ராஜாவைக் கிண்டலடித்த 12 தாள்: மண்ணடி மறுஅச்சுப் பெட்டி வாங்கலாமா?

சென்னை ஆண்டர்சன் தெருவில் தாள் எடுத்து, மண்ணடியில் ஒரு சந்துக்குள் அச்சடித்து, அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வைத்து விற்கிறார்கள். பெட்டிக்குள் 12 தாள். 1789 முதல் 1831 வரை பிரான்சிலும் இங்கிலாந்திலும் ராஜா, ராணி, இளவரசர் என்று ஒருவரையும் விடாமல் வாரிய கேலிப்படங்களின் மறுஅச்சு. கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் போடுகிற அச்சகத்திலிருந்து இப்படி ஒரு சரக்கு வருவதே ஆச்சரியம். அதில் பாதிக்கு மேல் நன்றாக வந்திருப்பது இன்னும் ஆச்சரியம்.

இரண்டு வகை இருக்கிறது. சாதா வகை நாலு கலர் ஆஃப்செட், பெட்டி 1,400 ரூபாய். கை வண்ண வகையில் கோட்டுப்படம் மட்டும் கறுப்பில் ஆஃப்செட்; அதன்மேல் வாட்டர் கலரைத் தூரிகையால் பூசியிருக்கிறார்கள். அது 3,600. சாதாவில் தனித் தாள் 150-க்குக் கிடைக்கும், கை வண்ணத்தில் தனித் தாள் கிடையாது. இரண்டும் ஏ3 அளவுதான். தாள் மட்டும் வேறு: சாதா 170 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர், கை வண்ணம் 220 ஜிஎஸ்எம் பூச்சில்லாத பருத்திக் கலப்புத் தாள். ஆர்ட் பேப்பரில் வாட்டர் கலர் நிற்காது, குளம் கட்டி ஓரத்தில் வளையமாகக் காயும். அது தெரிந்துதான் தாளை மாற்றியிருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் படங்களை எடைபோட ஒரே கேள்வி போதும். பொடி எழுத்தைப் படிக்க முடிகிறதா? கிண்டல் பெரும்பாலும் முகத்தில் இருக்காது. சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கும் சீட்டில், நாற்காலிக்குப் பின்னால் கிடக்கும் கடன் கணக்கில், ஓரத்தில் முயல் கடித்துக்கொண்டிருக்கும் முட்டைக்கோசில் இருக்கும். அதைக் கோட்டைவிட்ட மறுஅச்சு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிற கவுண்டமணி காமெடி.

முதல் தாளையே எடுத்துக்கொள்வோம். 1789-ஆம் ஆண்டுப் படம். மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து நிற்கும் ஒரு விவசாயி, அவர் முதுகில் ஒரு பாதிரியாரும் ஒரு பிரபுவும் சவாரி. ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி படித்த யாருக்கும் பாதிரியார், பிரபு, மற்ற எல்லாரும் என்ற மூன்று எஸ்டேட் என்று சொன்னதும் இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். பார்க்க வேண்டியது கீழே. முயல்கள் விவசாயியின் முட்டைக்கோசைத் தின்கின்றன, பறவைகள் விதையைக் கொத்துகின்றன. வேட்டையாடும் உரிமை பிரபுவுக்கு மட்டுமே, மாடப்புறா வளர்க்கும் உரிமையும் அவருக்கே. பயிரைத் தின்கிற முயலை விவசாயி அடித்தால் குற்றம். 1789 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரவு தேசிய சபை ரத்து செய்த சலுகைகளில் இவையும் உண்டு. பிரபுவின் வாள்மீது 'ரத்தத்தில் சிவந்தது' என்றும், மண்வெட்டிமீது 'கண்ணீரில் நனைந்தது' என்றும் எழுதியிருக்கும். விவசாயியின் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் சீட்டில் உப்பு, புகையிலை, வரி, கூலியில்லா வேலை என்று பட்டியல்.

இந்தப் பிரெஞ்சுப் படங்கள் மூலத்தில் சின்னவை, ஒரு நோட்டுப்புத்தகப் பக்கம் அளவுக்குத்தான் இருக்கும். ஏ3-க்குப் பெரிதாக்கியதில் கோடு கொஞ்சம் தடித்துவிட்டது, ஆனால் பைச் சீட்டு வரைக்கும் படிக்க முடிகிறது. இந்த ஒரு தாளில் பெரிதாக்கியது லாபம்தான்.

நஷ்டம் தமிழ் வாசகத்தில். படத்தின் அடியில் உள்ள பிரெஞ்சு வரி வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு, படிக்காத பட்டிக்காட்டான் பேசுகிற மாதிரி எழுதப்பட்டது. பெட்டியோடு வரும் கையேட்டில் அதை 'இவ்விளையாட்டு விரைவில் நிறைவுறும் என நம்புவோமாக' என்று போட்டிருக்கிறார்கள். முதுகில் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு நிற்கிறவன் நிறைவு விழாவுக்கு நன்றியுரை வாசிப்பானா? 'இந்த ஆட்டம் சீக்கிரம் ஓஞ்சா சரி' என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. இரண்டாம் தாளில் சவாரி தலைகீழ், விவசாயி பிரபுவின் முதுகில். அதன் வாசகமும் கொச்சைதான். கையேடு சொல்வது: 'எமது முறையும் வருமென யான் அறிவேன்.' மாடியிலிருந்து இறங்கி மண்ணடியில் யாரிடம் கேட்டிருந்தாலும் 'நம்ம டர்னும் வரும்னு எனக்குத் தெரியும்பா' என்று சரியாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிரெஞ்சு மூலத்திலும் கிட்டத்தட்ட அந்தச் சொல்தான் இருக்கிறது, 'தூர்' என்று. இந்த இரண்டு தாளையும் பிரித்து மாட்டக் கூடாது. ஒன்றுக்கு மற்றது பதில்.

மொழிபெயர்ப்பில் ஓர் இடம் மட்டும் பிரமாதம். ஐந்தாம் தாள் 1791-ஐச் சேர்ந்தது. ராஜா பதினாறாம் லூயிக்குக் கொம்பு வைத்த ஆட்டுடல், ராணி மரீ அந்த்வானெத்துக்குக் கழுதைப்புலி உடல், தலையில் முடிக்குப் பதில் பாம்பு. இரண்டு உடலையும் நடுவில் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். தலைப்பு, இருவரும் சேர்ந்து ஒன்றே என்று பொருள்படும் தம்பதிகளுக்கான வாழ்த்துமொழி. கையேடு அதற்கு 'ஈருடல் ஓருயிர்' என்று போட்டிருக்கிறது! ஆயிரக்கணக்கில் கல்யாணப் பத்திரிகை அடித்த அனுபவம் கைகொடுத்த இடம் இது. படத்தில் இருப்பது நேர் எதிராக ஓருடல் ஈருயிர் என்பதால் கிண்டல் தமிழில் இன்னும் ஒரு படி ஏறுகிறது.

அதே கை அடுத்த தாளில் சறுக்கிவிட்டது. ஆறாம் தாளில் ராணி நெருப்புக்கோழியாக நிற்கிறார், அலகில் அரசியல் சட்டம். பிரெஞ்சில் ஆஸ்திரியாவுக்கு ஓத்ரிஷ், நெருப்புக்கோழிக்கு ஓத்ருஷ். ராணி பிறந்தது ஆஸ்திரிய அரச வீட்டில். படம் முழுக்க இந்தச் சிலேடையில்தான் நிற்கிறது. பொன்னும் வெள்ளியும் எனக்குச் சுலபமாகச் செரிக்கும், இந்த அரசியல் சட்டத்தைத்தான் விழுங்க முடியவில்லை என்கிறாள். கையேட்டில் 'நெருப்புக்கோழி' என்று சுத்தத் தமிழில் போட்டுச் சிலேடையைக் கொன்றுவிட்டார்கள். நாம் பேச்சில் சொல்கிற 'ஆஸ்ட்ரிச்' என்பதை அப்படியே வைத்து 'ஆஸ்ட்ரிச்சா, ஆஸ்திரியாச்சியா' என்று விளையாடியிருக்கலாம். இரும்பையே செரிக்கும் பறவை என்று ஐரோப்பாவில் நம்பினார்கள், நெருப்பையே விழுங்கும் என்று நாம் பெயர் வைத்தோம். அந்த ஒற்றுமையைச் சொல்ல ஒரு வரி ஒதுக்கியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

நான்காம் தாள் பன்றிக் குடும்பம். 1791 ஜூன் 20 இரவு அரச குடும்பம் மாறுவேடத்தில் பாரீசைவிட்டுக் கிளம்பி, மறுநாள் இரவு வரேன் என்ற ஊரில் பிடிபட்டது. திருப்பிக் கொண்டுவந்ததைத் தொழுவத்துக்குத் திரும்பும் பன்றிகளாக வரைந்திருக்கிறார்கள். ராஜாவின் உடம்பும் சாப்பாட்டு ஆசையும் ஊரறிந்த விஷயம் என்பதால் பன்றி உருவம் அந்த வருடம் மளமளவென்று பரவியது. அச்சு சுத்தம், சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் தாளும் அப்படியே: சங்கிலியை உதறி எழும் மூன்றாம் எஸ்டேட்காரன், பின்னணியில் இடிபடும் பஸ்தீய் சிறைக்கோட்டை.

இனி ஏழாம் தாள். பெட்டியிலேயே வம்பு பிடித்த தாள் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1792 ஜூன் 20 அன்று கூட்டம் துய்லரி அரண்மனைக்குள் புகுந்தது. லூயி புரட்சிக்காரர்களின் சின்னமான சிவப்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, தேசத்தின் நலத்துக்காக என்று கோப்பையை உயர்த்திக் குடித்தார். அடுத்த ஜனவரி 21-ல் அந்தத் தலை இல்லை. இந்தத் தொப்பிக் காட்சியை ஏராளமாக அச்சடித்தார்கள். அதில் குறும்பான வகை, ராஜாவின் பழைய மரியாதைப் படத்தை எடுத்து, மீதியை அப்படியே விட்டுவிட்டு, தலையில் மட்டும் தொப்பியைச் சேர்ப்பது. பட்டு, பதக்கம், கம்பீரம் எல்லாம் இருக்கும். உச்சியில் மட்டும் தெருக்காரன் தொப்பி. பெட்டியில் இருப்பது அந்த வகை.

கிண்டல் முழுவதும் அந்தத் தொப்பி தலையில் உட்காரும் விதத்தில்தான். நாலு கலர் ஆஃப்செட்டில் சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது. தொப்பியின் விளிம்புக் கோடு கறுப்பு. மூன்று பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாக விழ வேண்டும். ரெஜிஸ்டர் என்கிற அந்தப் பொருத்தம் அரை மில்லிமீட்டர் விலகினால், தொப்பிக்கும் தலைக்கும் நடுவே வெள்ளைக் கீற்று விழும், தொப்பி பலூன் மாதிரி மிதக்கும். பிரித்துப் பார்த்த சாதாப் பெட்டிகள் ஐந்தில் இரண்டில் இந்தக் குறை இருந்தது. காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நீளும். ஒற்றைக் கலர் மெஷினில் ஒரு கலர் ஓட்டிவிட்டு மறுநாள் அடுத்த கலர் ஓட்டினால், அதற்குள் தாளின் அளவே மாறியிருக்கும். தாளை மெஷின் அறையில் ஒரு நாள் காற்றாட வைத்து, நான்கையும் ஒரே நாளில் ஓட்டினால் இது பெருமளவு தீரும். அல்லது சிவப்பைக் கோட்டுக்கு அடியில் ஒரு முடி அளவு நுழைய விட்டுப் பிளேட் எடுக்கலாம். பத்திரிகைக்காரர்கள் தினமும் செய்கிற வேலைதான். கை வண்ணப் பெட்டியில் இந்தச் சிக்கலே கிடையாது, தூரிகை கோட்டைத் தாண்டினாலும் அழகாகவே தாண்டுகிறது.

கறுப்புக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலத்தில் இவை பெரும்பாலும் செப்புத் தகட்டு அச்சு. தகட்டில் மெழுகுப் பூச்சு, அதைக் கீறி ஊசியால் வரைவது, பிறகு நைட்ரிக் அமிலம். மெழுகு போன இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். மை தேய்த்து, மேல்மட்டத்தைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்தி இழுத்தால் பள்ளத்து மை தாளில் ஏறும். ஆகவே கோடு முழுக் கறுப்பு, நடுவில் புள்ளி இருக்காது. சாதா வகையில் கோட்டையும் புகைப்படம் மாதிரி நான்கு நிறப் புள்ளியாகப் பிரித்துவிட்டார்கள். 10 மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோட்டோரம் ரவை உப்புமா மாதிரி தெரியும். வெறும் கண்ணுக்குப் பெரிய எழுத்தில் தெரியாது, ஆனால் பொடி எழுத்து கலங்கிவிடும். முதல் தாளின் மண்வெட்டி வாசகம் சாதாவில் முக்கி முனகித்தான் படிக்க வருகிறது, கை வண்ணத்தில் கண்ணாடி போல் தெளிவு. கோட்டைத் தனியே நூறு சதம் கறுப்பில் ஒரு பிளேட், வண்ணத்தை மட்டும் புள்ளியில் என்று பிரித்திருந்தால் 1,400 ரூபாய்ப் பெட்டியே போதுமானதாக இருந்திருக்கும். இன்னொன்று: பழசு மாதிரித் தெரியட்டும் என்று சாதாத் தாள் முழுக்க வெளிர் மஞ்சள் டின்ட் ஓட்டி, மூலத்தில் விழுந்த பழுப்புக் கறையையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். நம் ஊர் ஓதத்தில் இரண்டு வருடத்தில் அசல் கறையே இலவசமாக வரும். அதற்குள் என்ன அவசரம்?

எட்டும் ஒன்பதும் ஆங்கிலேயக் கேலிப்பட ஓவியர் ஜேம்ஸ் கில்ரே வரைந்தவை. இரண்டுமே 1792 ஜூலையில் வந்தவை, ஜோடிப் படங்கள். பெட்டியின் உச்சம் இந்த இரண்டும்தான்.

எட்டில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ். தின்று முடித்துச் சாய்ந்து உட்கார்ந்து, முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார். வெயிஸ்ட்கோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பொத்தான். நாற்காலிக்கடியில் காலி பாட்டில்கள். அவருக்குப் பின்னால், பணம் கட்டாத பில் கட்டின்மேல் பறக்காமல் இருக்க வைத்திருக்கும் பாரம் என்ன தெரியுமா? நிரம்பிய மூத்திரச் சட்டி. பக்கத்தில் மூல வியாதிக்கும் வாய் நாற்றத்துக்கும் மருந்து. தரையில் சூதாட்டப் பாய்ச்சிகை. ஜன்னலுக்கு வெளியே கட்டி முடியாத அவருடைய மாளிகைத் தூண்கள். சுவரில் மிதமாக உண்பதைப் பற்றி எழுதிய இத்தாலியர் கொர்னாரோவின் படம், கையில் தண்ணீர்க் கோப்பையோடு. அரசச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் கத்தியும் முள்கரண்டியும் குறுக்காக.

ஒன்பதில் அப்பா, மூன்றாம் ஜார்ஜ். ஊருக்கே ராஜா, சாப்பிடுவது ஒரு அவித்த முட்டை. கால்சட்டையில் ஒட்டுப் போட்டிருக்கிறது, நாற்காலி அழுக்காகாமல் இருக்க உறை, கணப்பில் நெருப்புக்குப் பதில் பூங்கொத்து. எதிரே ராணி கீரையை வாயில் திணிக்கிறார். மகன் ஊதாரி, அப்பா கஞ்சன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வீட்டின் முழுக் கதையும் புரியும்.

மூலத்தில் இளவரசர் படம் சுமார் 36 செ.மீ. உயரமும் 29 செ.மீ. அகலமும் உள்ளது. பெட்டியில் எல்லாப் படமும் ஒரே உயரமாக இருக்கட்டும் என்று 30 செ.மீ.க்குச் சுருக்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் படங்களுக்கு லாபமாக இருந்த அதே முடிவு இங்கே வினை. மருந்துப் புட்டியின் எழுத்து சாதாவில் கடுகு. இந்த இரண்டு தாளுக்காகவாவது கை வண்ணத்துக்கு ஏறுவது நியாயம். ஏ3 தாள் 42 செ.மீ. உயரம், 36 தாராளமாகப் பிடிக்கும், எதற்குச் சுருக்கினார்கள் என்றே விளங்கவில்லை.

கில்ரே படங்களின் அடியில் தேதி, வெளியிட்டவர் பெயர், கடை விலாசம் என்று ஒரு பொடி வரி ஓடும். அது அலங்காரம் அல்ல. 1735-ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டப்படி, தகட்டில் பெயரும் தேதியும் பொறித்திருந்தால்தான் பதிப்புரிமை. அந்த வரியால்தான் இன்று நாம் நாள் தவறாமல் சொல்ல முடிகிறது. பத்தாம் தாளில், அதாவது 1793 பிப்ரவரியில் லூயி தலை விழுந்த சில வாரத்தில் கில்ரே போட்ட படத்தில், இந்த வரியையே கட்டிங் மெஷின் தின்றுவிட்டது. விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து பிடில் வாசிக்கும் புரட்சிக்காரன், பக்கத்தில் தூக்கில் தொங்கும் பாதிரியார், கீழே தலைவெட்டும் கில்லட்டின் எல்லாம் பத்திரம். படத்தின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் குப்பையில்.

தகட்டுத் தடம் பற்றிப் பெட்டியின்மேல் பெருமையாகவே போட்டிருக்கிறார்கள். செப்புத் தகட்டை உருளையில் அழுத்தும்போது அதன் விளிம்பு தாளில் செவ்வகமாகப் பதியும். அதைப் போலிசெய்ய, மையில்லாமல் டை வைத்து எம்போஸ் அடித்திருக்கிறார்கள். பத்திரிகை அட்டையில் பிள்ளையார் பதிக்கிற அதே மெஷின், அதே கை. தொட்டுப் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு தப்பு. ஒன்பதாம் தாளில் தடம் தலைப்பு எழுத்துக்குக் குறுக்கே ஓடுகிறது. எழுத்தும் அதே தகட்டில்தான் பொறிக்கப்பட்டது, ஆகவே தடத்துக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். இரண்டாவது தப்பு இன்னும் வேடிக்கை. பன்னிரண்டாம் தாள் பிரெஞ்சு ஓவியர் தோமியே வரைந்த 'கார்கான்துவா', அது லித்தோ. சுண்ணாம்புக் கல்மேல் எண்ணெய்ப் பசை உள்ள கட்டியால் வரைந்து, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத குணத்தை வைத்து அச்செடுப்பது. கல் தாளில் அப்படித் தடம் விடாது. அதற்கும் சேர்த்து எம்போஸ் அடித்துவைத்திருக்கிறார்கள்.

படம் என்னவோ அபாரம். 1830 ஜூலைப் புரட்சியில் அரியணை ஏறிய லூயி பிலிப், பேரிக்காய்த் தலையோடு ராட்சதனாக உட்கார்ந்திருக்கிறார். தரையிலிருந்து வாய்வரை பலகைச் சாய்வு. ஏழைகள் கொடுத்த காசைக் கூடை கூடையாக ஏற்றி வாயில் கொட்டுகிறார்கள். உட்கார்ந்திருப்பது சிம்மாசனமா கக்கூசா என்று சந்தேகப்பட வேண்டாம், பின்பக்கத்தில் பட்டமும் சலுகைக் காகிதமுமாக உதிர்கின்றன. வரைந்தபோது தோமியேவுக்கு 23 வயது. கிடைத்தது ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். பேரிக்காய் ஏன் என்பது பெட்டியின் மூடியில் இருக்கிறது. பதிப்பாளர் ஷார்ல் பிலிப்போன் 1831 நவம்பரில் கோர்ட்டில் நின்று, ராஜா முகம் நாலே படியில் பேரிக்காயாக மாறுவதை வரைந்து காட்டினார். சாயல் இருப்பதே குற்றமென்றால் பேரிக்காயையும் பிடித்து உள்ளே போட வேண்டியிருக்கும் என்பது வாதம். வாதம் தோற்றது, பேரிக்காய் ஜெயித்தது. பாரீஸ் சுவரெல்லாம் அதுதான். அந்த நாலு முகத்தையும் மூடியில் ஸ்கிரீன் பிரிண்டில் அழகாகப் போட்டிருக்கிறார்கள். மூடியைத் திறக்கக் கட்டைவிரல் வைக்கிற இடத்திலேயே முதல் முகம் இருப்பதால், நாலைந்து தடவை திறந்ததும் ராஜா அழிந்து பேரிக்காய் மட்டும் மிஞ்சுகிறது. கண்காட்சிக்குப் பெட்டியையும் வைக்க நினைப்பவர்கள் மூடிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளவும்.

பதினோராம் தாள் ழாக் லூயி தாவீத், 1794. ஓவியர்களில் அவ்வளவு பெரிய கை, அரசுக்காக வரைந்த கேலிப்படம்: ஆங்கிலேய அரசு ஒரு பேய், அதன் பின்புறத்தில் மூன்றாம் ஜார்ஜின் முகம், அதிலிருந்து மக்கள்மேல் வரி கொட்டுகிறது. கை வண்ணப் பெட்டியில் இதற்குப் பூசிய சிவப்பு ரொம்பத் தூக்கல்.

16 பக்கக் கையேட்டில் இரண்டு இடத்தைப் பேனாவால் அடித்துவிடுங்கள். 'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்று மரீ அந்த்வானெத் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பேச்சை யாரோ ஒரு இளவரசி சொன்னதாக ரூசோ எழுதியபோது இவர் ஆஸ்திரியாவில் சின்னப் பெண். அடுத்தது, கில்ரேயைப் 'புரட்சியின் தோழர்' என்றது. பத்தாம் தாளைப் பார்த்துமா? அவர் ராஜாவையும் கிண்டலடித்தார், புரட்சியையும் கிண்டலடித்தார், 1797-லிருந்து அரசாங்க உதவிப்பணமும் வாங்கினார்.

கையேட்டில் இல்லாததுதான் பெரிய குறை. இந்தப் பெட்டி விற்கிற பேட்டைக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் வந்தது ஐந்தாம் ஜார்ஜ் பட்டாபிஷேகத்தை ஒட்டி, 1911-ல். அவர் ஒன்பதாம் தாளில் முட்டை சாப்பிடுகிறவரின் எள்ளுப்பேரன். எட்டாம் தாளின் இளவரசர் தன்னைக் கிண்டலடித்த படங்களையும் விடாமல் சேர்த்துவைத்தார்; 1820-ல் ராஜாவானதும், தன்னை ஆபாசமாக வரையாமல் இருக்க ஜார்ஜ் குருக்ஷாங் என்ற கேலிப்பட ஓவியருக்கு 100 பவுண்டும் கொடுத்தார். வின்ட்சர் கோட்டையில் சேர்ந்த அந்தக் கேலிப்படக் குவியல், ஏறத்தாழ 10,000 தாள், 1921-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு விற்கப்பட்டது. விற்றபோது அரியணையில் இருந்தவர் நம் பேட்டைக்குப் பெயர் கொடுத்த அதே ஐந்தாம் ஜார்ஜ். பிரெஞ்சுக்காரர்களும் இந்தத் தெருக்களுக்குப் புதியவர்கள் இல்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை, அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட இதே பேட்டையைப் பிடித்துக்கொண்டுதான் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. சமத்துவம், சகோதரத்துவம் என்ற புரட்சி முழக்கத்தைத் தலைப்பில் தாங்கி, தமிழில் அரசியல் கேலிப்படத்தை முதலில் போட்ட பாரதியின் 'இந்தியா' சென்னையில் பிறந்து, 1908-ல் வெள்ளைக்கார அரசின் கெடுபிடிக்குத் தப்பிப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனது. இவ்வளவு தோதான சரக்கு காலடியில் கிடக்க, கையேடு நாலு பக்கத்தை வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குக் கொடுத்திருக்கிறது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காங்கிரஸ் நூலகம், பாரீஸ் நகர அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் தளங்களில் இவற்றில் பலதும் கிடைக்கும். ஏ3-ல் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் கோப்பு 3508-க்கு 4961 பிக்சல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் முதலில் சாவது பொடி எழுத்துதான். ஒன்றிரண்டு படம் போதும் என்பவர்களுக்கு டிஜிட்டல் பிரிண்ட் கடையே வழி. பன்னிரண்டும் வேண்டும், தமிழில் விளக்கமும் வேண்டும், வகுப்பில் கைமாற்றிக் காட்ட வேண்டும் என்கிற ஆசிரியர்களுக்குச் சாதாப் பெட்டி சரியான விலை. சுவரில் மாட்டுபவர்கள் கை வண்ணத்துக்குப் போங்கள்.

மாட்டுவது பற்றி. லேமினேஷன் வேண்டாம், வாட்டர் கலர் உள்ளே புழுங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. பெவிகால் தடவி அட்டையில் ஒட்டும் பிரேம் கடைக்காரரை முதலிலேயே தடுத்துவிடுங்கள், தாள் நெளியும். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. நான்கு மூலைக்கும் காகித மூலைப்பை செய்து செருகி, மேலே ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டு வைத்தால் கண்ணாடி தாளைத் தொடாது. ஜன்னலைத் தகட்டுத் தடத்துக்கு வெளியே ஒரு செ.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுத்து வரி மறைந்துவிடும். ராயபுரம், காசிமேடு பக்கம் கடலைப் பார்த்த சுவரும், ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளில் ஓதம் ஏறும் சுண்ணாம்புச் சுவரும் ஆகாது. வேறு சுவரே இல்லையென்றால், பிரேமின் பின்புறம் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று போக வழி விடுங்கள்.

மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடப்பதே உத்தமம், வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஞாயிறு விடுமுறை, வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். லிஃப்ட் இல்லை. கவுண்டரில் இருக்கும் பையன் தனித் தாள் வாங்கினால் "மடிச்சுத் தரட்டாண்ணா, சுருட்டித் தரட்டா?" என்று கேட்பான். இரண்டும் வேண்டாம். மடித்தால் கோடு உடையும், இறுக்கிச் சுருட்டினால் எம்போஸ் தட்டையாகிவிடும். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துக் கேளுங்கள், முகம் கோணாமல் கட்டித் தருகிறார்கள். கூரியரில் வாங்கினவர்களுக்குப் பெட்டி மூலை நசுங்கி வருகிறது, உள்ளே தாளுக்குச் சேதமில்லை. குறை உள்ள தாளைப் பில்லோடு ஏழு நாளுக்குள் நேரில் கொண்டுபோனால் மாற்றித் தருகிறார்கள், கூரியரில் மாற்றுவதில்லை. ஆகவே சாதாப் பெட்டி எடுப்பவர்கள் காசை நீட்டும் முன் ஏழாம் தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தொப்பி தலையில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படி இறங்குங்கள்.